ஐப்பசி வரை தாங்கும் படப்பு

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் கரிசல் புஞ்சையில் ஒன்றிரண்டு மாடும் நாலைந்து ஆடும் வைத்திருக்கும் வீட்டுக்காக எழுதிய அத்தியாயம் இது. வீட்டில் ஒருவராவது காலையிலேயே வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆகவே நாள் முழுக்க மாட்டோடு நிற்க ஆள் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அதற்குள் முடிகிற வேலைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மானாவாரிப் புஞ்சையில் பச்சை தெரிவது அந்த மூன்று மாதம்தான். மீதி ஒன்பது மாதத்துக்கும் மாடு தின்னப்போவது தை மாதம் நீங்கள் அறுத்து வைத்தது. பசுந்தீவனம் வளர்ப்பது பற்றி ஊரெல்லாம் பேச்சு: சூப்பர் நேப்பியர், தட்டில் முளைக்கவைக்கும் மக்காச்சோளம், தொட்டியில் அசோலா. கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறவர்கள் செய்து பார்க்கட்டும். குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கும் தெருவில் அசோலாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. இங்கே முதல் வேலை சேமிப்பு.

முதலில் கணக்கு

மாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் படப்பு (தட்டைப் போர்) போடுவதால்தான் வைகாசியில் கட்டு தீர்ந்துபோகிறது. தை பிறப்பதற்குள் இதைச் செய்து முடியுங்கள்.

1. தையல்காரர் நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மாட்டின் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து குறியுங்கள்.
2. தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளத்தை அளந்து குறியுங்கள்.
3. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுங்கள். கிடைப்பது கிலோவில் எடை. சுற்றளவு 62, நீளம் 56 என்றால் மாடு ஏறக்குறைய 326 கிலோ.
4. எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு உலர்பொருள் தினமும் வேண்டும். மேற்படி மாட்டுக்கு அது 8 கிலோ. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, கொஞ்சம் தழை எல்லாம் சேர்ந்து 2 கிலோ கொடுத்துவிடும். மீதி 6 கிலோ சோளத்தட்டையிலிருந்துதான் வர வேண்டும்.
5. மாசி தொடங்கி ஐப்பசி முடிய 270 நாள். ஆறால் பெருக்கினால் 1,620 கிலோ. மிதிபட்டும் மழையில் நனைந்தும் வீணாவதற்கு 15 விழுக்காடு சேருங்கள். ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய 1,900 கிலோ.
6. களத்தில் ஐந்து கட்டுகளைத் தொங்கு தராசில் நிறுத்துச் சராசரி எடுங்கள். கட்டு 10 கிலோ என்றால் உங்களுக்கு 190 கட்டு தேவை.

ஆட்டுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். அது ஓடைக்கரையிலும் வேலியிலும் கடித்துக்கொள்ளும். ஆனால் பங்குனி முதல் ஆடி வரை ஒரு ஆட்டுக்கு அரைக் கிலோ கூளமாவது மாலையில் வைத்தால்தான் குட்டிக்குப் பால் இருக்கும்.

*குறிப்பு:* முடிந்தால் தேவைக்கு மேல் கால் பங்கை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்குங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அப்படியொரு ஆண்டில் அறுக்கவே எதுவும் இருக்காது. பழைய படப்பு மிச்சமிருக்கிற வீட்டுக்காரர் மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியிருக்காது.

விதைப்பு: புரட்டாசியில்

இந்தக் கரிசலுக்குச் சோளத்தைப் போன்ற தீவனப் பயிர் வேறில்லை. மழை பத்து நாள் தள்ளிப்போனால் இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும். மழை பெய்ததும் மறுபடி கிளம்பும். மக்காச்சோளம் அப்படிக் காத்திருக்காது.

விதைக்கு இரண்டு வழி உண்டு. தீவனம் மட்டும் போதும் என்றால் நாட்டு இருங்கு சோளத்தை நெருக்கி விதையுங்கள். தானியமும் வேண்டும் என்றால் 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த கே 8 அல்லது கே 12. இரண்டும் மானாவாரிக் கரிசலுக்கென்றே உருவானவை. ஊரில் பேச்சு அடிபடும் கோ எஃப்.எஸ். 29 மறுபடி மறுபடி அறுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பாசனம் வேண்டும். மானாவாரியில் போட்டுவிட்டு ரகத்தைக் குறை சொல்லக் கூடாது.

1. கோடை மழை விழுந்ததும் ஒரு உழவு போட்டு நிலத்தைத் திறந்து வையுங்கள்.
2. தீவனத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ, தானியத்துக்கு 6 கிலோ விதை.
3. விதையைக் கடினப்படுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, விதையின் அளவுக்குச் சமமான கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்த வேண்டும்.
4. செப்டம்பர் மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில், புரட்டாசி முதல் பாதியில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். அந்த ஆழத்தில் சிறு தூறல் விதையைத் தொடாது. நல்ல மழை விழுந்தால்தான் முளைக்கும்.
5. மூன்று சால் சோளத்துக்கு ஒரு சால் தட்டைப்பயறு போடுங்கள்.

ஐந்தாவது படியைப் பலரும் தவிர்க்கிறார்கள், கலந்த பயிரை அறுப்பது தொல்லை என்று. ஆப்பிரிக்காவில் நைஜர், வடக்கு நைஜீரியா போன்ற நம்மைவிட வறண்ட நாட்டுப் புறங்களில் கம்புக்கும் சோளத்துக்கும் நடுவே தட்டைப்பயறு போட்டு, பயற்றை எடுத்துக்கொண்டு, கொடியைக் காயவைத்துச் சுருட்டிச் சந்தையில் விற்கிறார்கள். வறட்சி ஏற ஏற அந்தக் கொடியின் விலையும் ஏறும். வெறும் சோளத்தட்டையில் புரதம் மிகக் குறைவு. தட்டைப்பயற்றுக் கொடியோ உளுந்தங்கூளமோ பாசிக்கூளமோ ஒரு கூடை சேர்ந்தால் மாடு தட்டையையும் சேர்த்து நன்றாகத் தின்னும். புண்ணாக்குச் செலவும் குறையும்.

*வழக்கமான தவறு:* மழை வந்தபின் விதைக்கலாம் என்று காத்திருப்பது. கரிசல் நனைந்துவிட்டால் காலே புதையும். ஏர் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அது காய்ந்து நீங்கள் விதைப்பதற்குள் குருத்து ஈ பெருகிவிடும். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களைக் களையெடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதைப்பை அதுவரை தள்ளாதீர்கள்.

அறுப்பும் உலர்த்தலும்

தீவனச் சோளத்தைப் பாதிக் கதிர் பூத்த நிலையிலிருந்து பால் பிடிக்கும் நிலைக்குள் அறுக்க வேண்டும். அதற்கு முன்னால் அறுத்தால் விஷம் (பின்னால் விரிவாக வருகிறது). முற்றவிட்டால் விறகு. ஆனால் பூக்கும் சமயம் மார்கழி மழைக்குள் விழுந்தால் என்ன செய்வது? பொறுங்கள். ஒரு வாரம் முற்றிய தட்டை, நனைந்து பூசணம் பிடித்த தட்டையைவிட எவ்வளவோ மேல்.

1. பனி விலகிய பிறகு அரிவாள் வையுங்கள்.
2. அரி அரியாகப் புஞ்சையிலேயே பரப்பி இரண்டு நாள் விடுங்கள். ஒருமுறை புரட்டிப் போடுங்கள்.
3. பிறகு சிறு கட்டுகளாகக் கட்டி, அடிப்பக்கம் தரையிலும் கதிர்ப்பக்கம் மேலேயுமாக எட்டுப் பத்துக் கட்டுகளைச் சாய்த்து ஒன்றோடொன்று நிறுத்துங்கள். காற்று உள்ளே நுழைய வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இப்படியே நிற்கட்டும்.
4. காய்ந்துவிட்டதா என்று கணுவில் பாருங்கள். இலை மொறுமொறுவென்று இருக்கும், கணு மட்டும் ஈரமாக இருக்கும். அங்கேதான் ஏமாந்துபோவோம்.

கணுவைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தட்டையை நடுவில் கணுவோடு சேர்த்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு போட்டு, ஒரு கரண்டி வறுத்து ஆறவைத்த தூள் உப்பைச் சேர்த்து மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் படப்புக்கு ஏற்றலாம். கட்டி தட்டினால் இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஈரத்தோடு அடுக்கிய படப்பு உள்ளுக்குள் சூடேறும். பூசணம் பிடிப்பது அதில் குறைந்த நட்டம். சில வாரத்துக்குள் வெளியிலிருந்து ஒரு பொறிகூட இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கவும் செய்யும். அடுக்கிய முதல் மாதம் வாரம் இருமுறை ஒரு நீளமான இரும்புக் கம்பியைப் படப்பின் நடுவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் அவசரப்பட்டுப் படப்பைப் பிரிக்கக் கூடாது. காற்றுப் புகுந்தால் அந்த நொடியே பற்றிக்கொள்ளும். முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, தண்ணீர் கையில் இருக்கும்போது பிரியுங்கள்.

படப்பு போடுதல்

நம் ஊர்ப் பெரியவர்கள் படப்பு போடுவதில் கைதேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரை முதல் ஆண்டு கூட வைத்துக்கொள்ளுங்கள். கூலி கொடுத்தாலும் தகும். படிகள் இவை:

1. *இடம்:* மேட்டு நிலம். ஓடைக்குள்ளும் கம்மாய் உட்பகுதியிலும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நினைத்துக்கொண்டு இடம் பாருங்கள். மின்கம்பிக்கு அடியிலும் வேண்டாம். ஆடிக்காற்றில் கம்பி உரசிப் பொறி விழும்.
2. *தூரம்:* வீட்டுக்கும் தொழுவுக்கும் ஒட்டிப் போடக் கூடாது. குறைந்தது 50 அடி விடுங்கள்.
3. *அடித்தளம்:* பெரிய கற்களைப் பரப்பி, அதன்மேல் பருத்திமார் அல்லது முள் அடுக்கி ஓர் அடி உயர்த்துங்கள். கரையான் ஏறுவது குறையும், காற்றும் போகும்.
4. *திசை:* ஆனி, ஆடியில் மேல்காற்று கடுமையாக வீசும். படப்பின் குறுகிய முகம் மேற்கே இருக்கட்டும்.
5. *அடுக்கு:* கட்டின் அடிப்பக்கம் வெளியே, கதிர்ப்பக்கம் உள்ளே. நடுவைச் சற்று உயர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டும் வெளிப்பக்கம் சரிந்து நிற்கும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும்.
6. *கூம்பு:* மேலே போகப்போகக் குறுக்கி முடித்து, வைக்கோல் பரப்பி, கயிற்றில் கல் கட்டி இருபுறமும் தொங்கவிடுங்கள்.

பெரிய படப்பாக ஒன்று போடுவதைவிடச் சிறியதாக இரண்டு போடுவது நல்லது, இடையில் நல்ல தூரம் விட்டு. பார்க்கப் பெருமையாக இருக்காதுதான். ஆனால் ஒன்று எரிந்தால் ஒன்று மிஞ்சும்.

எடுக்கும்போது ஒரே பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக எடுங்கள். நடுவில் குடைந்து எடுத்தால் படப்பு சரிந்து ஆள்மேல் விழும். கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும்.

பட்டாசு வட்டாரத்துக்கென்று சில எச்சரிக்கைகள்

தீவனப் புத்தகங்களில் இது வராது. மதுரைக்கு வடக்கே இருப்பவர்களுக்குத் தேவையும் இல்லை. நமக்குத் தேவை.

*சாக்கு.* ஆலையிலிருந்து கிடைக்கும் காலிச் சாக்கில் தவிடோ கூளமோ கட்டவே கூடாது, எத்தனை முறை துவைத்தாலும் சரி. அதில் வந்தது வெடியுப்பாக இருக்கலாம், பேரியம் நைட்ரேட்டாக இருக்கலாம், கந்தகமாகவோ அலுமினியப் பவுடராகவோ இருக்கலாம். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. பழைய சாக்குக்குத் தடையெல்லாம் தெரியாது. பிளாஸ்டிக் டிரம்முக்கும் இதே விதி.

*வெடியுப்பு.* மாட்டுக்கு உப்புருசி பிடிக்கும். வெடியுப்புச் சாக்கை உதறிய இடத்தை நக்கும், அதைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கும். வயிற்றுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். கண் இமையை விலக்கிப் பார்த்தால் உட்புறம் பழுப்பாகத் தெரியும். சாக்கைக் கம்மாயில் அலசுகிறவர்களைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஊர் மாடெல்லாம் அதில்தான் தண்ணீர் குடிக்கிறது.

*கம்பி.* கம்பி மத்தாப்புத் துண்டுகள் ரோட்டோரத்திலும் குப்பைமேட்டிலும் கிடக்கும். மாடு ஆடுபோலப் பொறுக்கித் தின்னாது. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். கம்பி இரண்டாம் வயிற்றைத் துளைத்து நெஞ்சறை வரை போகும். தீனி குறைவது, முதுகைக் கூனி நிற்பது, பள்ளத்தில் இறங்கத் தயங்குவது, தாடைக்கடியிலும் மார்புப் பக்கத்திலும் வீங்குவது ஆகியவை அறிகுறிகள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, நறுக்கிய தட்டையின் மேலும் காடியின் அடியிலும் தினமும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு நிமிட வேலை.

*காகிதம்.* அச்சகக் கழிவுக் காகிதத்தை மாடு ஆசையாகத் தின்னும் என்பதால் அது தீவனமாகிவிடாது. மையும் பசையும் பிளாஸ்டிக் பூச்சும் சேர்ந்தது அது.

*உடை.* மருந்து கலக்கும் வேலை, செலுத்தும் வேலை பார்க்கிறவர்கள் கைகால் கழுவி உடை மாற்றிய பிறகே தீவனத்தைத் தொட வேண்டும். படப்புப் பக்கம் அந்த உடையோடு போகவே வேண்டாம்.

*ஒளித்து வைப்பது.* அனுமதியில்லாமல் வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ செய்த சரக்கை ஒருநாள் உங்கள் படப்புக்குள் வைத்துக்கொள்ளட்டுமா என்று வேண்டியவரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். திரி உலர்த்தும் இடத்துக்கும் படப்புக்கும் கண்ணுக்கெட்டும் உறவுகூட இருக்கக் கூடாது. தீபாவளிக்கு முதல்நாள் படப்பைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, இரண்டு டிரம்மில் தண்ணீரும் ஒரு குவியல் மணலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நறுக்கிப் போடுங்கள்

முழுத் தட்டையைக் காடியில் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலடியில் தள்ளும். அதே தட்டையை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கினால் பெரும்பகுதி வயிற்றுக்குள் போகும். படப்பு கூடுதல் நாள் வரும். நறுக்கும் இயந்திரம் தனியாக வாங்க முடியாவிட்டால் நாலு வீடு சேர்ந்து வாங்கலாம். மானியத்தில் தரும் திட்டங்கள் அவ்வப்போது வரும். கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வையுங்கள்.

- கையைத் தீனி வாய்க்குள் விடாதீர்கள். கடைசித் துண்டை அடுத்த கட்டாலேயே தள்ளுங்கள்.
- சேலை முந்தானை, துண்டு, வளையல், அவிழ்ந்த கூந்தல் எதுவும் தொங்கக் கூடாது.
- சிக்கிக்கொண்டால் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கரம் நின்றதைப் பார்த்தபின் கைவையுங்கள்.
- குழந்தைகள் இருக்கும்போது ஓட்டவே வேண்டாம்.

மக்காச்சோளம் போட்டவர்களுக்கு: ஊறுகாய்ப்புல்

பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சேமிப்பதுதான் ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ். கதிரோடு அறுத்தால் மட்டுமே தரமாக வரும். கதிரைக் கோழித்தீவனத்துக்கு விற்றுவிட்டு மிஞ்சிய காய்ந்த தட்டையில் முயன்றால் பூசணம்தான் கிடைக்கும். கறவை மாடு உள்ளவர்கள் ஒரு மூலைப் புஞ்சையை மட்டும் இதற்கென்று ஒதுக்கினால் போதும்.

1. மணி பால் பிடித்து மாவாக மாறும் நிலையில், ஏறக்குறைய 80 முதல் 90 நாளில் அறுங்கள்.
2. படைப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால் புட்டியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகே அறுக்க வேண்டும்.
3. 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டு விரியுங்கள். சாறு சொட்டினால் அரைநாள் வாடவிடுங்கள். உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டையாக நின்று மெல்லப் பிரிந்தால் பதம்.
4. தடித்த பாலித்தீன் பையில் ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை ஏறி மிதித்து அடையுங்கள். காற்றை வெளியேற்றுவதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது.
5. அன்றே வாயை இறுக்கிக் கட்டி, நிழலில், எலி ஏறாத இடத்தில் வையுங்கள். ஓட்டை விழுந்தால் உடனே டேப் ஒட்டுங்கள்.
6. 45 நாள் கழித்துத் திறங்கள்.

மக்காச்சோளத்துக்கு வெல்லம் தேவையில்லை. பூத்த சோளத்தை இப்படிச் செய்வதானால் 100 கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வெல்லத்தைக் கரைத்துத் தெளியுங்கள். நல்ல ஊறுகாய்ப்புல் மங்கிய பச்சையாக, புளித்த பழவாசனையோடு இருக்கும். கறுத்தது, நாறுவது, வெள்ளைப் பூசணம் பிடித்தது எருக்குழிக்கு. இரண்டு கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். பால் கறந்த பிறகு கொடுங்கள், முன்னால் கொடுத்தால் பாலில் அந்த வாசம் ஏறும்.

பையில் செய்வதே பாதுகாப்பு. பெரிய குழியில் செய்கிறவர்கள் மூடிய முதல் சில வாரம் குழிக்குள் இறங்கவோ குனிந்து எட்டிப் பார்க்கவோ கூடாது. புளிக்கும்போது வரும் வாயு கனமானது. குழியிலேயே தேங்கி நிற்கும், ஆளை மயக்கிவிடும்.

வாங்கிய வைக்கோலுக்கு யூரியா

படப்பு போதாமல் வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கத்து நெல் வைக்கோலை லாரியில் இறக்குகிறவர்களுக்கு இது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் துளிகூடப் படியாமல் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடுங்கள். எடுத்ததும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். வைக்கோல் மிருதுவாகும், புரதச்சத்தும் ஏறும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது கூடாது. யூரியா வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நேரடியாகத் தவிட்டில் கலந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வேலியும் வரப்பும்

மழைக்கு முன் வரப்பில் வேலிமசால் விதையுங்கள். விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய, 80 டிகிரி சூட்டிலுள்ள நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்தால்தான் முளைக்கும். கொழுக்கட்டைப் புல்லை ஓடைக்கரையில் தூவிவிட்டால் முதல் ஆண்டு மேய்க்காமல் விட வேண்டும், பிறகு அது பார்த்துக்கொள்ளும். சவுண்டல் தழை மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி உதிரும். சீமைக்கருவேல் நெற்றை முழுதாகப் போடாமல் காயவைத்து இடித்து, அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் சேருங்கள். முழு நெற்றைத் தின்ற ஆடு போகிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகும்.

இளஞ்சோளம்: உயிர் போகும் இடம்

சோளத்தின் இளம் பயிரிலும் வாடிய பயிரிலும் சயனைடு விஷம் உருவாகும். இந்த வட்டாரத்தில் இது இரண்டு சமயம் வரும். ஒன்று, கார்த்திகையில் மழை இடைவெளி விழுந்து பயிர் வாடி நிற்கும்போது. இன்னொன்று பலருக்கும் தோன்றாதது: அறுத்த தாள் சித்திரைக் கோடை மழைக்குத் துளிர்க்கும்போது. புஞ்சை பச்சையாகத் தெரிகிறதே என்று அவிழ்த்துவிடுவார்கள். அந்தத் துளிர்தான் கொல்லும்.

- பூக்காத சோளத்தில் மேய்க்காதீர்கள், அறுத்தும் போடாதீர்கள்.
- மறுதாம்பு துளிர்த்த புஞ்சையை உடனே உழுதுவிடுங்கள். முடியாவிட்டால் முள் வைத்து அடையுங்கள்.
- பச்சைச் சோளம் போடும் நாளில் முதலில் வைக்கோலோ காய்ந்த தட்டையோ கொடுத்து வயிற்றை நிரப்புங்கள்.
- நன்றாகக் காயவைத்த தட்டையில் இந்த விஷம் பெரும்பாலும் போய்விடும். நைட்ரேட் அப்படிப் போகாது. ஆகவே யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்து, வறட்சியில் வாடிய பயிரைக் காயவைத்தும் நம்ப வேண்டாம்.

அறிகுறி சில நிமிடத்திலேயே தெரியும். மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வாயில் நுரை, உடல் நடுக்கம், பிறகு விழுந்துவிடும். கண் இமையின் உட்புறம் பளிச்சென்று சிவந்திருக்கும். பழுப்பாக இருந்தால் நைட்ரேட். வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. ஊசி மருத்துவர்தான் போட வேண்டும், அதுவும் சீக்கிரம்.

மீதி மாடுகளைப் புஞ்சையிலிருந்து ஓட்டிவிட்டு, கால்நடை உதவி எண்ணான 1962-க்கு அழைத்து இந்த வரிசையில் சொல்லுங்கள்:

1. ஊர், தெரு, அடையாளமான இடம்.
2. என்ன தின்றது: இளஞ்சோளமா, துளிர்த்த தாளா, யூரியாவா, ஆலைச் சாக்கா.
3. தின்று எவ்வளவு நேரமாயிற்று.
4. கண் இமையின் உட்புற நிறம்.
5. மாட்டின் எடை. முதல் பக்கத்தில் நாடாவால் அளந்த அந்த எண்ணைத் தொழுவின் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தால், மருத்துவர் வரும்போதே மருந்தின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வார்.